கறைபடாத அட்டை

காலையில் லாரி ஷெட்டில் படம் பிடிக்கும் வைபவம் நடந்தது. பாதுகாப்பு மேலாளர் ஏசி அறையிலும் தலைக்கவசத்தைக் கழற்றாத புண்ணியவான். அதனால் டிரைவர்களுக்கு அவர் 'ஹெல்மெட்'. பளபளவென்று ஒரு அட்டையை நீட்டினார். அமிலச் சரக்கு கசிந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. டிரைவர்கள் வரிசையாக வந்து, ஆளுக்கொரு தரம் அந்த ஒரே அட்டையைப் பிடித்துக் கேமராவுக்குச் சிரித்துவிட்டு அடுத்தவன் கையில் கொடுத்தார்கள். அமில டேங்கர் ஓட்டுபவனும் பல்லைக் காட்டிவிட்டுக் கேட்டான்.

"சார், இது வண்டியில வைக்கத்தானே?"

"உன் கிரீஸ் கையில குடுத்துட்டு, ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட எதைக் காட்டுறது? போய்யா, நேரமாச்சு."

அட்டை பீரோவுக்குள் போனது. டேங்கர் ரோட்டுக்குப் போனது.

மதியம், கடைவீதி வளைவில் வால்வு கசிய ஆரம்பித்தது. புகை, இருமல், ஓட்டம். தீயணைப்பு வீரர் ஒருவர் குழாயோடு ஓடி வந்தார்.

"உள்ள என்னப்பா சரக்கு?"

"ஏதோ ஆசிட்னு சொன்னாங்கண்ணே."

"எந்த ஆசிட்? தண்ணி அடிக்கலாமா, கூடாதா?"

டிரைவர் ஹெல்மெட்டுக்குப் போன் போட்டான்.

"மீட்டிங்ல இருக்கேன்யா. இதுக்கெல்லாமா கூப்பிடுவ? தண்ணி அடிக்கச் சொல்லு. தண்ணிக்கு அடங்காதது எது?"

தண்ணீர் பட்டதும் அமிலம் கொதித்துச் சீறியது. வீரர் முகத்தைப் பொத்திக்கொண்டு சரிந்தார். "கண்ணு... கண்ணு தெரியலையே!" என்ற அலறல் கடைசிக் கடைவரை கேட்டது.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஹெல்மெட் காரில் வந்து இறங்கினார், மூக்கில் வாசனைக் கைக்குட்டையோடு. அட்டையை டிரைவர் கையில் திணித்தார்.

"இது வண்டியிலதான் இருந்துச்சு, நீதான் படிக்கலன்னு சொல்லிடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். உன்னைத் தம்பியா நினைச்சுச் சொல்றேன்."

டிரைவர் முதல் வரியைப் படித்தான்: 'தண்ணீரை நேரடியாகப் பாய்ச்சாதீர்கள்.' ஓரமாகப் போய்க் காறித் துப்பிவிட்டு, விசாரிக்க வந்த அதிகாரியிடம் அட்டையை நீட்டினான்.

"இது இப்பத்தான் கார்ல வந்துச்சு சார். இது இல்லாம வண்டியை எடுத்தது என் தப்பு, என் மேலயும் எழுதிக்குங்க. ஆபத்துல படிக்க வேண்டியதைப் பீரோவுல பூட்டி வெச்சா அடுத்தவன் கண்ணுதான் சார் போகும். என்ன சரக்கு, கசிஞ்சா என்ன செய்யணும்னு எழுதி என் கையில குடுக்காம, இனி எவன் சொன்னாலும் நான் வண்டிச் சாவியைத் தொட மாட்டேன்."