மாப்பிள்ளைக்கு இடம் வேணும்

1

இந்தக் கதை பிறந்த காரணம் வெளியே சொல்லிக்கொள்ளும்படியானதல்ல. என் பழைய ஷூவின் அடிப்பாகம் முதலை மாதிரி வாயைப் பிளந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மலை ஏற வரும்படி மச்சினன் கூப்பிட்டிருக்கிறான். மலைக்குத் தாங்கும் ஷூ வீட்டில் இன்னும் ஒரு ஜோடிதான் இருக்கிறது. அது என் மனைவியுடையது. அவள் போய் ஒரு வருடமாகிறது.

புதிதாக ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்பீர்கள். புது ஷூவோடு மலை ஏறியவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

அதைப் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று முடிவெடுக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? கதை எழுத உட்கார்வான். முதல் வரி:

மலை அவளைப் பார்த்தது. அவள் மலையைப்—

(மலை யாரையும் பார்க்காது. அடித்துவிட்டேன்.)

அவளுக்கு நடை என்றால் உயிர்—

(வேண்டாம்.)

அவளுடைய வலது கால் பெருவிரலின் அடிமூட்டில் ஓர் எலும்பு புடைத்திருந்தது.

இது நிற்கும். இங்கிருந்து போகலாம்.

2

புடைப்பு என்றால் கோலிக்குண்டு அளவு. பெருவிரல், பஸ்ஸில் தூங்குகிற ஆள் மாதிரி, பக்கத்து விரல் மேல் சாய்ந்து கிடந்தது. எந்த ஷூவைப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கும். பிறகு அவள் முகம் சிவக்கும். மலையில் பாதி வழியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் முகத்துக்கு நேரே திட்டுவாள். பிறகு அவளும் கணவரும் திரும்பி இறங்குவார்கள்.

டாக்டரிடம் போனார்கள். டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்து, "பனியன்" என்றார்.

கணவர் சட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு, "போட்டிருக்கேனே" என்றார்.

(இந்தக் கணவர் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. ஒரு மனிதர் இவ்வளவு அசடாக இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறேன்.)

"உங்களுக்கில்ல சார். அவங்க கால்ல இருக்கிற அந்தப் புடைப்புக்கு இங்கிலீஷ்ல பேரு அது."

ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், முன்பக்கம் அகலமாகவும் மேல்தோல் மெத்தென்றும் இருக்கும் ஷூவாகப் பாருங்கள், கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் வாங்குங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "பனியன்னெல்லாம் என்னால கூப்பிட முடியாதுங்க. கொடியில காயப்போடற ஞாபகம் வருது. இனிமே இதுக்குப் பேரு மாப்பிள்ளை."

"ஏன்?"

"ஓரமா ஒதுங்கத் தெரியாது. வந்த இடத்துல எல்லாரையும் நெருக்கிட்டு உட்காரும். லேசா உரசினாலும் கோவிச்சுக்கும்."

"நான் அப்படியா?"

"உங்களை எங்க சொன்னேன்? காலைச் சொன்னேன்."

3

ஷூ கடை. இந்தக் காட்சியில் முதலில் கடைக்காரரை வில்லனாக்கினேன். அடுத்த தடவை ஞானியாக்கினேன். நிஜத்தில் அவர் கடையைச் சாத்தும் அவசரத்தில் இருந்த ஒரு மனுஷர், அவ்வளவுதான்.

பெண்கள் பக்கத்து அலமாரி முழுவதும் தோற்றுப்போன பிறகு அவள் பொறுமை இழந்தாள். "இதெல்லாம் வேண்டாங்க. மாப்பிள்ளைக்கு இடம் வேணும். மலையெல்லாம் ஏறணும். அவருக்கு நெருக்கினா ஆகாது!"

கடைக்காரர் கணவரை* மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? மாமியாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து மலை ஏறறீங்க, பார்க்கவே சந்தோஷமா இருக்கு." ஆண்கள் அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துவந்து கணவர் முன்னால் வைத்தார்.

*அன்று காலையில்தான் கணவர் தலைக்குச் சாயம் அடித்திருந்தார். இவ்வளவு பலன் தரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

கணவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. அந்தக் கோபத்தில் அவள் ஷூவைப் பிடுங்கித் தன் காலை உள்ளே விட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. பிறகு அசையாமல் இருந்தாள்.

"என்னங்க... வலிக்கல."

ஆண்கள் ஷூவுக்கு முன்பக்கம் அகலம். கணவரின் கால் ஆண்களுக்குச் சிறியது, அவளுடையது பெண்களுக்குப் பெரியது. இரண்டும் ஒரே நீளம். எத்தனையோ பொருத்தம் பார்த்தார்கள், இதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"காலை நீட்டிப் படுத்துட்டார்."

வீட்டில் கயிறு கோர்க்கும்போது, வலது ஷூவில் மாப்பிள்ளைக்கு நேரே இருந்த துளையை மட்டும் விட்டுவிட்டாள். "அங்க இறுக்கினா அவருக்கு மூச்சு முட்டும்."

கணவர் அன்று முதல் அவளை 'அத்தை' என்றுதான் கூப்பிட்டார்.

4

முடிவு ஒன்று: அவள் உச்சிக்கு ஏறுகிறாள். மேகங்கள் அவள் காலடியில்—

(ஏறினாள். பல தடவை ஏறினாள். மேகமெல்லாம் கிடையாது, துருப்பிடித்த ஒரு பெஞ்சும், குப்பை போடாதீர்கள் என்ற பலகையும், அதனடியில் குப்பையும் இருந்தன. பெஞ்சில் கால் நீட்டி, "மாப்பிள்ளை, வந்து சேர்ந்துட்டோம்" என்பாள். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் கணவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.)

முடிவு இரண்டு: ஆஸ்பத்திரியில்—

(எழுத மாட்டேன். அங்கே அவள் காலில் ஷூ இல்லை. ஆகவே இந்தக் கதையைச் சேர்ந்ததல்ல.)

5

ஞாயிறு காலை. வாசலில் மச்சினன் ஹார்ன் அடிக்கிறான்.

"மாமா! உள்ள என்ன, கதையா எழுதறீங்க?"

"ஆமாண்டா!"

"வெயில் ஏறிடும், வாங்க!"

எழுதிக்கொண்டே அவள் ஷூவுக்குள் இடது காலை விட்டாயிற்று. வலதும் உள்ளே போய்விட்டது. நீளம் சரி. ஆனால் பெருவிரல் பக்கம் தோல் வெளியே உப்பி, உள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது. அவள் கால் நடந்து நடந்து கட்டிய அறை. என் காலுக்கு அங்கே எதுவும் தட்டுப்படவில்லை. மாப்பிள்ளைக்கு இத்தனை இடம் விட்டுவைத்தவர் வேறு யாருமில்லை.

கயிறு அவள் கோர்த்தபடியே இருக்கிறது, அந்த ஒரு துளையை விட்டு. அதிலும் கோர்த்து இறுக்கினால் ஷூ எனக்குக் கச்சிதமாகிவிடும். விட்டால் கால் உள்ளே ஆடும். ஆனால் ஷூ அவளுடையதாகவே இருக்கும்.

"அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?" என்று குனிந்து கேட்டேன். பதிலுக்கு ஹார்ன்தான் வந்தது.

கயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பேனாவைக் கீழே வைக்கிறேன். அந்தத் துளையை என்ன செய்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இறங்கும் வழி முழுவதும் சரளைக்கல் என்பதையும், மாப்பிள்ளை கோபக்காரர் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு.