அப்பாவின் இடது செருப்பு

1.
வாய் சும்மா இராததால் பிறந்தது இந்தக் கதை. "எழுத்தாளர் பரமசிவன் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குப் படப்புத்தகமாகப் போடப்போகிறோம், மகளே எழுதினால் எடுப்பாயிருக்கும்" என்றார் பதிப்பாளர். சரி என்றுவிட்டேன். படம் கிருஷ்ணவேணி, வரிகள் நான்.

‘கரிசல் மண்ணை உயிராய் நேசித்த மாமனிதர்...’ (சீ! பள்ளி ஆண்டுமலர். அடித்தாயிற்று.)

‘அப்பா எழுதுவார். நான் சாத்திய கதவுக்கு வெளியே...’ (உண்மைதான். ஆனால் அழுகாச்சி. வேண்டாம்.)

2.
எனக்கு எழுத வந்தது ஒரே ஒரு நாளைப் பற்றித்தான். 1993 ஐப்பசி, நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு விருது கிடைத்திருந்தது. படமெடுக்க வந்த பத்திரிகைக்காரர், "உங்க மண்ணுல நின்னு ஒண்ணு சார்" என்றார். புதூர்ப் பக்கம் எங்கள் காட்டுக்குப்* போனோம். முந்தின நாள் நல்ல மழை.

மழைக் கரிசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இது செருப்பே போடாத ஆடுகளுக்கும் தெரியும். அந்த மண்ணைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியவர், விருதுக்கென்று வாங்கிய புதுச் செருப்போடு இறங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் மண் கவ்விக்கொண்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுதுத மண்ணு வேற, மிதிக்க மண்ணு வேறல்லா அண்ணாச்சி!"

"ஏட்டி சத்யா, கைய நீட்டுட்டி!" என்று அப்பா கத்தினார்.

இழுத்தேன். அப்பா வந்தார், இடது செருப்பு வரவில்லை. இரண்டு பேரும் சேற்றில் விழுந்து கிடந்து சிரித்தோம். அதுவரை அப்பா என்னிடம் கேட்டதெல்லாம் சத்தம் போடாதே என்பதுதான். அன்று என் கையைக் கேட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

பத்திரிகையில் இடுப்புக்கு மேலேதான் படம் வந்தது.

(* காடு என்றால் இங்கே கம்பும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலம். கிருஷ்ணவேணி சென்னைக்காரி, முதலில் யானையெல்லாம் வரைந்துவிட்டாள்.)

3.
‘ஒன்பதாம் பக்கம்: அப்பா சேற்றில் மாட்டிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள்.’

கோவில்பட்டி வீட்டுக்குப் போய்ப் பிரதியைக் காட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இத எடுத்துரு. ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சு முடிச்சு பதினஞ்சு வருசமாச்சு" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

"நீங்க ஊரையே எழுதுனீங்களே, யாருட்டப்பா கேட்டீங்க?" என்றேன். "இந்தப் பக்கம் இல்லன்னா எனக்குப் புத்தகமே வேண்டாம்."

சொல்லிவிட்டேன், வீறாப்பாக. அவர் வேண்டாமென்றால் பதிப்பாளரும் வேண்டாமென்பார். அப்பா படத்தை மறுபடி பார்த்தார்.

"இதுல பொய் எழுதிருக்கியேட்டி."

"எதுப்பா பொய்?"

"நான் தானா வெளிய வந்த மாதிரில்லா இருக்கு. ஒன்னைய எங்கட்டி காணோம்?"

4.
ஒன்பதாம் பக்கத்தில் இப்போது நானும் இருக்கிறேன், கவுனெல்லாம் சேறாக. கடைசிப் பக்கம்தான்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

கிருஷ்ணவேணி வரைந்து தந்திருப்பது இவ்வளவுதான்: கீழே கறுப்புச் சேறு, அதிலிருந்து நீளும் ஒரு கை. எதிரே வெறும் தாள். வாசிக்கிற பிள்ளையே, உன் கையை அங்கே வைத்து, பென்சிலால் சுற்றி வரை. கெட்டியாகப் பிடித்துக்கொள். செருப்பு போனால் போகட்டும், அப்பாவை இழு.