சோமசேகரம் கேட்ட பற்றுச்சீட்டு

துறைமுகத்தில் சுமை விழுந்து அப்பா இறந்தார். நட்டஈட்டை வாங்கித் தரும் பொறுப்பை, வழக்குப் பார்க்கும் பிரக்கிராசி சோமசேகரத்திடம் அம்மா ஒப்படைத்தார். பிறகு மூன்று வருடம் எங்கள் ஊரான சல்லியிலிருந்து அவருடைய கந்தோருக்கு நடந்தார். கருவாட்டு மணம் என்று அங்கே அம்மாவுக்குக் கதிரை கொடுக்கவில்லை. எப்போதும் ஒரே பதில்தான்.

"இன்னும் வரேல்லை, நல்லம்மா. அடுத்த மாதம் வந்து பாருங்கோ."

நான் பட்டம் பெற்று ஊர் திரும்பியதும் அப்பா வேலை செய்த கொம்பனிக்கு எழுதினேன். 1965 மாசியிலேயே காசோலை சோமசேகரத்துக்குப் போய்விட்டதாம். அந்தப் பதிலை இணைத்து, பிரக்கிராசிகள் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கும்படி கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு அம்மாவின் பெயரில் முறைப்பாடு அனுப்பினேன். காசு திரும்பி வந்தால் மட்டும் எனக்குப் போதாது.

ஒரு சனிக்கிழமை காலை சோமசேகரம் காரில் வந்தார். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"கொழும்பில விளக்கம் கேட்டிருக்கினம், பிள்ளை. இந்தாங்கோ, முழுக் காசும் கிடக்கு. ஒரு பற்றுச்சீட்டு மட்டும் எழுதித் தாங்கோ. திகதியை 1965 பங்குனி எண்டு போடுங்கோ."

"இண்டைய திகதி போட ஏலாதோ, ஐயா?"

"படிச்ச பிள்ளைக்கு இதும் விளங்கேல்லையோ? காசை அப்பவே குடுத்திட்டன், மனிசி மறந்து போச்சு எண்டு எழுதப்போறன். கருவாடு விக்கிற மனிசிதானே!" அவர் சிரித்தார்.

அம்மா தலை குனிந்தார்.

"முத்திரை வேணுமே, ஐயா. வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன்.

தபால் கந்தோரில் குலசிங்கம் அண்ணை இரண்டு தாள்களை எடுத்து வைத்தார்.

"பழைய முத்திரையோ, புதுசோ? புதுசு இண்டைக்குத்தான் நாடு முழுக்க வெளிவருகுது."

"புதுசு தாங்கோ, அண்ணை."

நான் எழுதினேன். முத்திரையின் மேல் அம்மா கையெழுத்திட்டார். சோமசேகரம் திகதியையும் கையெழுத்தையும் இரண்டு தரம் பார்த்தார். முத்திரையைப் பார்க்கவில்லை. முத்திரை ஒட்டுவது அவருடைய கந்தோரில் குமாஸ்தாவின் வேலை.

கார் போனதும் அம்மா கேட்டார். "பொய்த் திகதிக்கு என்னட்டைக் கையெழுத்து வாங்கிப்போட்டியே, பிள்ளை?"

"அதை அவர் கோட்டில குடுக்கட்டும், அம்மா."

ஏழு வாரம் கழித்து அவர் பற்றுச்சீட்டைச் சத்தியக் கடதாசியோடு நீதிமன்றத்தில் கொடுத்தார். நடந்தது முழுவதையும் அம்மா சத்தியம் செய்து எழுதி அனுப்பினார். முத்திரை வெளிவந்த நாளைக் குறித்து குலசிங்கம் அண்ணை தந்த கடிதத்தையும் இணைத்தேன். 1965ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டில் 1968ஆம் ஆண்டு முத்திரை.

விசாரணைக்கு முன் சோமசேகரம் நடந்து வந்தார். வாசல் படலையடியில் நின்றார்.

"நல்லம்மா, முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. எனக்கும் கரை சேராத குமர்ப்பிள்ளையள் இருக்கினம்."

அம்மா பாயில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னும் எழுதேல்லை, ஐயா. அடுத்த மாதம் வந்து பாருங்கோ."

அடுத்த மாதமும் வந்தார். கதிரை உள்ளேதான் இருந்தது. அம்மா அதே பதிலைச் சொன்னார். அவருடைய பெயர் நீக்கப்பட்டதைச் சொல்லும் கடிதம் அன்று காலையே எங்களுக்கு வந்திருந்தது.