இடப்பக்கத்து முப்பத்தேழு

தான் இறங்கிய நான்காவது ஆட்டத்திலும் சித்தார்த் அடிபட்டுத்தான் வீடு திரும்பினான். ஜெர்சியைக் கழற்றியபோது இடது விலாவில் ஒரு கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. அம்மா விமலா ஃப்ரீசரிலிருந்து பட்டாணிப் பாக்கெட்டை எடுத்து வந்து அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, மெதுவா!" என்று அலறினான்.

எதிரே அக்கா ப்ரீத்தி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு சிட்னியின் பாரமட்டா பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட் வேலை. சனி, ஞாயிறுகளில் தம்பியின் கிளப்புக்குப் புள்ளிவிவரம் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டம். சிட்னியில் அதை ஆடுகிறவர்கள் குறைவு. அதில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் இருபது வயது சித்தார்த்.

முதல் நாலு ஆட்டத்தில் அந்த இடத்தில் டேமியன் என்ற மூத்தவன் ஆடினான். ஐந்தாவதிலிருந்து கோச் சித்தார்த்தை இறக்கினார். இந்த நாலு ஆட்டத்தில் அவன் நூற்றுப் பன்னிரண்டு பந்து எறிந்திருந்தான். நாற்பத்தாறுதான் தன் ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பத்தொரு சதவீதம். அது போதாது, டேமியனையே மறுபடி இறக்கலாமென்று பார்க்கிறேன் என்று கோச் ஆட்டம் முடிந்த கையோடு ப்ரீத்திக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

அவளுக்கு அந்த நாற்பத்தொன்று பொறுக்கவில்லை. வீடியோவை ஓடவிட்டு ஒவ்வொரு எறியையும் தனித்தனியாகப் பிரித்தாள். நிம்மதியாக நின்று எறிந்தது ஐம்பத்தாறு. அதில் முப்பத்தெட்டு போய்ச் சேர்ந்திருந்தது. எதிரணி மேலே விழ விழ எறிந்தது இன்னொரு ஐம்பத்தாறு. அதில் எட்டே எட்டு.

"உன் கையில தப்பில்லைடா," என்றாள். "உன்னை நிக்க விடல."

"எந்தப் பக்கம்?"

அவள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தாள். "இடப்பக்கம். முப்பத்தேழு தடவை."

வலக்கையால் எறிகிறவனுக்கு இடப்பக்கம் என்பது முதுகுப் பக்கம். வருகிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அங்கே அவனுக்குச் சுவராக நிற்க வேண்டியவன் தன்ஸீல். பக்கத்து டூங்கபியில் இருக்கிற இலங்கைக்காரன், நூற்று முப்பது கிலோ, செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. பள்ளிக்கூடத்திலிருந்தே டேமியனுக்கு உயிர் நண்பன்.

"டேமியன் ஆடினப்போ இடப்பக்கம் எத்தனை?" என்று கேட்டான் சித்தார்த்.

"ஒன்பது."

சித்தார்த் பட்டாணிப் பாக்கெட்டைத் தூக்கித் தரையில் எறிந்தான்.

"வேணும்னே விடறான்னு நான் சொல்லலை," என்றாள் ப்ரீத்தி. "ஆனா நம்பர் அப்படித்தான் இருக்கு." அந்த அட்டவணையைப் படம் எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினாள். கீழே 'தன்ஸீலைப் பாரு' என்று எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் முப்பத்தாறு டிகிரி. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் இடப்பக்கத்திலிருந்து ஒருவன் தலைகுனிந்து ஓடிவந்து சித்தார்த்தின் முதுகில் மோதினான். கோட்டுக்கு வெளியே நின்ற ப்ரீத்திக்கு அந்தச் சத்தம் கேட்டது. சித்தார்த் எழுந்து ரத்தம் துப்பினான். இரண்டாவது தடவை அவன் முகம் மண்ணில் தேய்ந்தது. மூன்றாவது தடவை இரண்டு பேர் சேர்ந்து அவனை மடக்கி விழுத்தினார்கள். பந்து தெறித்துப் போக, எதிரணி அதை எடுத்துக்கொண்டு எல்லைவரை ஓடியது. ப்ரீத்தி டேப்லெட்டில் குறித்தாள்: இடது, இடது, இடது.

பாதி ஆட்டம் முடிந்ததற்கு விசில் ஊதினார்கள். தன்ஸீல் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு சித்தார்த்திடம் வந்தான்.

"சொறி மச்சான். என்ர பக்கம்தான் பிழை."

"யாருக்காகடா விடறே? டேமியனுக்கா?"

"என்ன கதைக்கிறாய் நீ?"

சித்தார்த் தன் ஹெல்மெட்டைக் கழற்றி, முகக் கம்பியைப் பிடித்தபடியே அதைச் சுழற்றி அடித்தான். அது தன்ஸீலின் கன்னத்தில் இறங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு முழங்காலில் சரிந்தது. தடுக்க அவன் ஒரு கையைத்தான் தூக்கினான். மற்றக் கை தொங்கியபடியே கிடந்தது. இரண்டாவது அடி கண்ணில். மூன்றாவது அடியில் தாடை நொறுங்குவதை ப்ரீத்தி பார்த்தாள். "விடுடா, விடுடா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் நாலு பேர் சித்தார்த்தைக் கீழே தள்ளி அமுக்கியிருந்தார்கள். அவன் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தான். தன்ஸீலின் பல் ஒன்று புல்லில் கிடந்தது.

போலீஸ் சித்தார்த்தைக் கொண்டுபோனது. ப்ரீத்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே தன்ஸீலின் தாய் நபீசா தனியாக உட்கார்ந்திருந்தார். ப்ரீத்தியைக் கிளப்பில் வேலை செய்கிற பெண் என்று நினைத்துப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"டொக்டர் கேக்கிறார், தோள் எப்ப கிழிஞ்சதெண்டு," என்றார். "நாலு அஞ்சு கிழமைக்கு முந்தி, மகள். வேலையில பெட்டி சரிஞ்சு விழுந்தது. வலது கையைத் தூக்கவே ஏலாது. நோவுக்குக் குளிசை போட்டுப் போட்டு விளையாடப் போனான். காயம் எண்டு தெரிஞ்சா வேலையால நிப்பாட்டிப் போடுவாங்களாம். டீமிலயும் அந்த இடத்துக்கு வேற ஆளில்லையாம். ஆருக்கும் சொல்லாதீங்க உம்மா எண்டான்."

ப்ரீத்தி விரல் விட்டு எண்ணினாள். ஐந்து வாரத்துக்கு முன்னால்தான் டேமியன் வெளியே போனான், சித்தார்த் உள்ளே வந்தான். அதே வாரம் தன்ஸீலின் தோள் கிழிந்திருக்கிறது. ஒன்பதுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவில் மாறியது எறிகிறவன் மட்டும்தான் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸில் ஒரு ஜூனியர் இந்தத் தவறைச் செய்திருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

"ஆன்ட்டி, அடிச்சது என் தம்பி," என்றாள். "உங்க மகன் வேணும்னே விடறான்னு அவனை நினைக்க வச்சது நான்."

நபீசா எழுந்து நின்றார். அவள் சொன்னது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ஓங்கி அறைந்தார். ப்ரீத்தியின் காது இரைந்தது. அவள் நகரவில்லை. இரண்டாவது அறை விழுந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "போ இங்கயிருந்து," என்றார் நபீசா. "போ!"

மூன்று நாள் கழித்துப் போலீஸ் அந்த அட்டவணையைக் கேட்டது.

"கொடுக்காதடி," என்று விமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முன்னாடியே மனசுல வச்சிருந்து அடிச்சான்னு ஆயிடும். அவன் உன் தம்பி."

"அந்த ஆளோட பேர்ல பழி இருக்கும்மா. அதைப் போட்டது நான்."

அவள் அட்டவணையையும் வாட்ஸ்அப் செய்தியையும் கொடுத்தாள். ஒப்பிட்ட விதமே தவறு, தன்ஸீல் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். சித்தார்த் ஆறு மாதம் அவளோடு பேசவில்லை.

நீதிமன்றத்தில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைக்குப் போகாமல் பதினெட்டு மாதக் கண்காணிப்போடு விட்டார்கள். இனி எந்தக் கிளப்பிலும் அவன் ஆட முடியாது. தன்ஸீலுக்கு இடது கண்ணில் பாதிப் பார்வைதான் மிச்சம். கிடங்கு வேலையும் போய்விட்டது.

வெளியே வந்ததும் சித்தார்த் படிக்கட்டிலேயே நின்றான்.

"அக்கா, நீ அந்த நம்பரைச் சொன்னப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. என்மேல தப்பில்லைன்னு யாராவது சொல்லணும்னு இருந்தேன்."

அவளுக்கும் அன்றைக்கு அதே சந்தோஷம்தான் இருந்தது. அதை அவனிடம் சொன்னாள்.

கார் நிறுத்துமிடத்தில், தாயின் காரில் அவர் பக்கத்தில் இருந்த தன்ஸீல் ஜன்னலை இறக்கி வைத்திருந்தான். சித்தார்த் நாலடி தள்ளி நின்று, "சாரி," என்றான்.

"நாலு மேட்ச் உனக்கு முன்னால நிண்டனான்," என்றான் தன்ஸீல். கம்பி கட்டிப் பிரித்த தாடை இன்னும் சரியாக அசையவில்லை. "ஒருக்காக் கேட்டிருக்கலாமே. சொல்லியிருப்பன்."

நபீசா அவர்கள் பக்கம் திரும்பாமலே காரை எடுத்தார்.