நூல் பிடித்தாற்போல் ஓர் எண்

கோயம்புத்தூரிலிருந்து வண்டி பார்க்க வருகிற அனுசுயாவுக்காகப் புதுவயல் சாலைப் பட்டறையில் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். மாயக்கண்ணன் பழைய டிரையம்ப் மோட்டார் சைக்கிளின் டேங்கைத் துடைத்தான், திரும்பவும் துடைத்தான். பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. இங்கே மெருகு வேலை. இந்த வண்டி விலைபோனால் பட்டறையில் அவனுக்கும் பங்கு என்று முதலாளி வீரபாண்டியன் வாய் நிறையச் சொல்லியிருந்தார். அதை மனைவி யோகலட்சுமியிடம் வேறு சொல்லித் தொலைத்திருந்தான்.

பக்கத்தில் இன்னொரு பழைய இங்கிலாந்து வண்டி, பி.எஸ்.ஏ. அமராவதிபுதூரில் பூட்டிக்கிடந்த வீட்டிலிருந்து இறக்கியபடியே துருவும் ஒட்டடையுமாக நின்றது. அதைச் சாக்குப் போட்டு மூடலாமா என்றுகூட முதலாளி யோசித்தார்.

அனுசுயா வந்ததும் டிரையம்பைத்தான் சுற்றிவந்தார். "அருமையா பண்ணிருக்கீங்க" என்றபோது மாயக்கண்ணனுக்கு மனசு நிறைந்துபோனது. பிறகு அவர் குனிந்து, போன் வெளிச்சத்தை இன்ஜின்மேல் அடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த நம்பர யார் வெட்டினது?"

"நாந்தாம்மா," என்றான், பாராட்டை எதிர்பார்த்து. "பழசு ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி, கோணல்மாணலாக் கிடந்துச்சு. அரத்தால வழிச்சுட்டு, நகைக்குப் பூ வெட்டுற உளியால அதே நம்பர நூல் பிடிச்சாப்ல வெட்டுனேன். எதையும் மாத்தல."

"அந்தக் கோணல்தாங்க ஒரிஜினல். கம்பெனில கையால அடிச்சது. அத அழிச்சா திருட்டு வண்டின்னுதான் நினைப்பாங்க. இத வாங்கினா நான் ஸ்டேஷன்ல நிக்கணும்."

மாயக்கண்ணனுக்கு இப்போதுதான் புரிந்தது. ஆசை ஆசையாகச் செய்த வேலையே வண்டியைக் கெடுத்துவிட்டது. முதலாளியைப் பார்த்தான். வெட்டி முடித்த அன்றைக்கு முட்டிபோட்டு அந்த எண்ணைப் பார்த்து, "இப்பத்தாண்டா வண்டி" என்று முதுகில் தட்டி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் வீரபாண்டியன், கொஞ்சமும் கூசாமல். "நான் ஊர்ல இல்லாதப்ப இவன் பாத்த வேலை."

"அண்ணே, நீங்கதான பாத்தீக..."

"பேசாதடா."

அனுசுயா பி.எஸ்.ஏ.விடம் போனார். துருவுக்கடியில் இருந்த எண்ணை விரலால் தடவினார். "இது போதும். இதுல யாரும் கைவைக்கல." மாயக்கண்ணன் பழக்கதோஷத்தில் துணியோடு தூசி தட்டப் போனான். "தொடாதீங்க, ப்ளீஸ்," என்றார்.

பி.எஸ்.ஏ. வேனில் ஏறிப் போனது. வேன் மறைந்ததும் வீரபாண்டியன் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"நாளைக்குப் போலீசு வந்தா காட்டணும். எனக்குத் தெரியாம நீயாத்தான் நம்பர அழிச்சேன்னு சொல்லு."

"உள்ள தூக்கிப் போட்ருவாகண்ணே. வீட்டுல ஆளுக இருக்காக."

"சொன்னா வீடியோ எங்கிட்டயே கிடக்கும். சொல்லலைனா நானே இப்பப் ஸ்டேஷனுக்குப் போயி உம்மேல எழுதிக் குடுத்துருவேன்."

மாயக்கண்ணன் வண்டியின் பக்கத்தில் போய் நின்றான். பங்கு என்ற பேச்சையே இனி எடுக்க முடியாது. பெயரையும் ஊரையும் சொல்லித் தொடங்கினான்.

வீரபாண்டியன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் அங்குட்டு நகரு," என்றார். "நம்பர மறைக்கிற."