மதிப்பு மூன்று ரூபாய்

ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வண்டிகளுக்கு இன்ஜின் பூட்டித் தரும் ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி அறையில், பதினோரு வருடமாக ஒரு சிவப்பு ரோஜா வாடாமல் இருக்கிறது. தண்ணீர் கிடையாது, ஜாடி கிடையாது, இரும்பு அலமாரியின் இரண்டாவது தட்டில் படுத்தவாக்கில் கிடக்கிறது. காம்பைச் சுற்றிய கன்னடப் பேப்பர் மட்டும் பழுப்பேறிவிட்டது. பரிசுப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி உண்டு. தேதி, 2014 ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கொடுத்தவர், சென்னகிருஷ்ணன், லேத் பட்டறை. பெறுபவர், தமிழ்செல்வி, பர்சேஸ். மதிப்பு, மூன்று ரூபாய். முடிவு, பார்ட்டியிடமே திருப்பித் தரவும். அன்றைக்கு ஓசூர் சந்தையில் இருபது பூ உள்ள கட்டு அறுபது ரூபாய்க்குப் போனது, ஆகவே மதிப்பில் பிழை இல்லை.

அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்தவளே தமிழ்செல்விதான். சாத்தூர் பக்கத்துக்காரி. பஸ் ஏறி ஓசூரில் இறங்கிப் பர்சேஸில் சேர்ந்தபோது அங்கே மேனேஜராக விமல்ராஜ் இருந்தார். நல்ல மனிதர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். வார்ப்பு இரும்பு சப்ளை செய்த ஒரு பார்ட்டி அவரைக் குடும்பத்தோடு பாங்காக் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட்டது. திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பார்ட்டியின் சரக்கைப் பார்த்தால் அவருக்கு 'ரிஜெக்ட்' என்ற சொல் வாயில் வரவில்லை. வாயைத் திறப்பார், இருமல்தான் வரும். பெங்களூரில் தொண்டை டாக்டரிடம் காட்டினார், தொண்டை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் இருமிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உள்ளே பொத்தல் விழுந்த வார்ப்புகள் லாரி லாரியாக வந்தன. ஒருநாள் அதில் ஒன்று மெஷினில் உடைந்து தெறித்து, காண்ட்ராக்டில் இருந்த ஒரு தொழிலாளிக்கு இடது கண் போனது. விமல்ராஜ் ராஜினாமா செய்துவிட்டுக் கேட்டைத் தாண்டியதும் இருமல் நின்றது. நின்றது தெரிந்ததும் அவர் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதார் என்று செக்யூரிட்டி மாதேஸ்வரன் இன்றைக்கும் சொல்வார். அந்த நாற்காலிக்குத் தமிழ்செல்வி வந்தாள். வந்த வாரமே உட்கார்ந்து இருபது விதிகள் எழுதினாள்.

பார்ட்டி வாங்கித் தரும் டீயைத் தவிர எதையும் தொடக் கூடாது. வருவதையெல்லாம் கேட்டிலேயே பதிவேட்டில் எழுதி அலமாரியில் வைக்க வேண்டும். கொடுத்தவர் திரும்ப எடுத்துப்போகாத பொருள்களை ஆயுத பூஜையன்று சீட்டுக் குலுக்கித் தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், அந்தக் குலுக்கலில் பர்சேஸ்காரர்கள் பெயர் இருக்கக் கூடாது. பதினான்காவது விதி, கொடுத்தவரோடு கம்பெனிக்கு வியாபாரம் முடிந்துபோனால் மறுநாள் முதல் அந்தப் பொருளைப் பெறுபவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது. இதை அவள் எந்த யோசனையும் இல்லாமல், தாளில் இடம் மீதி இருந்ததால் எழுதியதாகத்தான் சொன்னாள். எழுதி நாலாவது மாதம் ரோஜா வந்தது.

சென்னகிருஷ்ணனுக்கு ஊர் கெலமங்கலம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். தம்பி பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்க, இவர் இரண்டு லேத் போட்டு இன்ஜினுக்குப் புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்ததில் தன் கல்யாணத்தை மறந்துபோனவர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மற்ற பார்ட்டிகள் முந்திரி டப்பாவும் சுவர்க்கடிகாரமும் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, இவர் பேப்பரில் சுற்றிய ஒற்றைப் பூவை நீட்டினார்.

"தோட்டத்துல பூத்தது மேடம். உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்துனு வந்தன்."

வேறு யார் கொடுத்திருந்தாலும் வாங்கி ஆபீஸ் சரஸ்வதி படத்தில் செருகியிருப்பாள். மூன்று ரூபாய்ப் பூவை யாரும் லஞ்சம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் நீட்டியபோது அவளுக்கு உள்ளே ஏதோ துள்ளியது. மனசு துள்ளினால் அது பரிசு, துள்ளாவிட்டால்தான் மரியாதை. அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு. விமல்ராஜின் இருமல் காதில் கேட்டது. பூவை மாதேஸ்வரனிடம் கொடுத்து எழுதச் சொன்னாள்.

"இன்னா மேடம், பூவக் கூடவா எழுதறது?"

"எழுதுங்கண்ணே. மதிப்பும் போடுங்க."

சென்னகிருஷ்ணன் முகம் ஒன்றும் கோணவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு மட்டும், "குடுத்தது குடுத்ததுதான் மேடம். அத வாங்கற கை எனக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிப் போனார். அப்படியாக அந்தப் பூ கொடுத்தவருக்கும் இல்லாமல் பெறுபவளுக்கும் இல்லாமல் அலமாரியில் தங்கியது. யாருக்கும் சொந்தமில்லாத பூ யாருக்காக வாடும் என்பது மாதேஸ்வரனின் கட்சி. அந்த வருடக் குலுக்கலில் அது துப்புரவு வேலை பார்த்த ஜோதியம்மாளுக்கு விழுந்தது. ஜோதியம்மாள் அதைக் கொண்டையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், காலையில் பார்த்தால் கொண்டையில் இல்லை, அலமாரியில் இருந்தது. அடுத்த வருடம் பெயிண்ட் ஷாப்பில் ஒருவருக்கு விழுந்தது, அதற்கடுத்த வருடம் கேன்டீன் மாஸ்டருக்கு. ஒவ்வொரு முறையும் மாதேஸ்வரன் 'மீண்டும் வரப்பெற்றது' என்று எழுதினார். பிறகு அதைச் சீட்டில் சேர்ப்பதை விட்டுவிட்டார்கள். புனேயிலிருந்து வந்த ஆடிட்டர் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டு, பூ இருக்கிறதென்று டிக் அடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

தமிழ்செல்வி தினமும் எட்டேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிப் பையைச் சோதனைக்கு வைப்பாள். பையைத் திறந்து மூட நாற்பது விநாடி ஆகும். அந்த நாற்பது விநாடியும் அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாசனை கேன்டீன் வரைக்கும் கூடவே வரும். அவளுக்கு அவர்மேல் ஆசை, இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை சரக்கு வண்டியோடு அவர் வருவார். "உக்காருங்க சார்" என்பாள். "இருக்கட்டும் மேடம்" என்பார். புஷ்ஷின் உள்விட்டம் பற்றிப் பேசுவார்கள், மழை பற்றிப் பேச மாட்டார்கள். 2018-இல் ஒரு செவ்வாய்க்கிழமை நானூறு புஷ் அளவு தப்பி வந்தது. அவள் வாயைத் திறந்தாள், இருமல் வரவில்லை, 'ரிஜெக்ட்' என்ற சொல்தான் சுத்தமாக வந்தது. அவர் தலையாட்டிவிட்டு நானூறையும் வண்டியில் திருப்பி ஏற்றினார். அவள் பாத்ரூமில் போய் அழுதாள், அவரைத் திருப்பி அனுப்பிய வருத்தம் பாதி, சொல் வந்துவிட்ட நிம்மதி பாதி. அன்று ரோஜா வாசனை பெயிண்ட் ஷாப்பையும் தாண்டி அடித்தது, ஷிப்டு முடியும்வரை பெயிண்ட் நெடியில் யாருக்கும் தலை வலிக்கவில்லை.

சொல்லிவிட்டால் என்ன என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். அவளும் கேட்டுக்கொண்டாள். பார்ட்டியோடு சொந்த உறவு இருந்தால் தெரிவிக்க ஒரு படிவம் உண்டு, அதுவும் அவள் எழுதியதே. அதில் 'உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவது? மாமாவா, அத்தை மகனா, நண்பரா? பதினோரு வருடத்தில் அவர் கொடுத்தது ஒரு பூ, அவள் செய்தது அதை எழுதிவைத்தது. எதையாவது எழுதினாலும் கம்பெனி முதலில் அந்தப் பார்ட்டியைத்தான் நிறுத்தும். அவருக்கு இருப்பது இந்த ஒரு கம்பெனி, அவரை நம்பி இருப்பது எட்டுக் குடும்பம். அவள் வேலையை விடலாம் என்றால், சாத்தூரில் பக்கவாதத்தில் படுத்த அப்பாவுக்கு மருந்து இந்தச் சம்பளத்தில்தான் போகிறது. அதனால் அவள் வேறொன்று செய்தாள், தலையில் பூ வைப்பதை விட்டுவிட்டாள். மல்லிகை, கனகாம்பரம், கோயிலில் கொடுத்த துளசிகூட இல்லை. மகள் எதற்கோ நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று அம்மா வீரலட்சுமி ஊரில் சொல்லிக்கொண்டு, மகளுக்கு முப்பத்தொன்பது வயதானபோது வரன் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

போன வருடம் கம்பெனி எலெக்ட்ரிக் வண்டிக்கு மாறியது. மோட்டாருக்கு இந்தப் புஷ் தேவையில்லை. மார்ச்சோடு ஆர்டர் முடிகிறது என்ற கடிதத்தை எல்லாப் பார்ட்டிக்கும் தமிழ்செல்விதான் அனுப்பினாள். சென்னகிருஷ்ணனுக்கு அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுக் குடும்பம் நினைவுக்கு வந்தது, அதோடு சேர்ந்து பதினான்காவது விதியும் வந்தது. அன்று மாலை பாகலூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு அட்டை ஹேர்பின் வாங்கினாள். பத்து ரூபாய். சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்பத்து நான்கு வயதில் கண்ணாடி முன்னால் நின்று, பூ இல்லாமல் வெறும் பின்னைச் செருகிப் பார்த்தாள்.

பிப்ரவரியில் மோட்டாருக்குள் போகும் ஸ்லீவ் என்கிற குழல் துண்டுக்கு விலைப்புள்ளி கேட்கச் சொன்னார்கள். ஏழு வருட ஒப்பந்தம். நன்றாகக் கடைகிற பழைய பார்ட்டி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். பட்டியலில் ஐந்து பெயர், ஐந்தாவது சென்னகிருஷ்ணன். ஒரு பெயரை விட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பட்டறை இன்னொரு வேலையைத் தேடிக்கொள்ளும், மார்ச் கழிந்தால் பூ அவளுடையது. மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஐந்து பேருக்கும் அனுப்பினாள்.

விலைப்புள்ளிப் பெட்டி செக்யூரிட்டி அறையில், அந்த அலமாரிக்குக் கீழேதான் இருக்கிறது. கடைசி நாள் காலை அவள் பையைச் சோதனைக்கு வைத்தபோது அவர் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் ஒட்டிய கவர் இரண்டு. தலை பாதி நரைத்திருந்ததை அவள் அன்றுதான் கவனித்தாள்.

"ஒண்ணு ஆர்டர் வர்ற ரேட்டு மேடம். இன்னொண்ணு வராத ரேட்டு" என்றார். "ராத்திரியெல்லாம் யோசன பண்ணன். எதப் போடறதுன்னு தெரியல."

கேட்டில் ஒட்டியிருந்த பதினான்காவது விதியை அவர் படித்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. இத்தனை வருடமும் அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அத நான் சொல்லக் கூடாது சார்."

"தெரியுங்க."

மாதேஸ்வரன் பதிவேட்டில் ஒன்றுமில்லாத பக்கத்தை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார். அவள் பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"பட்டறையில இப்ப எத்தன பேரு சார்?"

"எட்டு பேரு. போன மாசம் ஒருத்தரு சேந்தாரு. ஒம்போது."

"ம்" என்றாள்.

"ஏழு வருசம் மேடம்."

"ஆமா சார். ஏழு வருசம்."

அவர் ஒரு கவரைப் பெட்டியில் போட்டார். மற்றதை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அலமாரியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ஐந்து கவரையும் ஐந்து அதிகாரிகள் முன்னால் பிரித்தார்கள். சென்னகிருஷ்ணன் விலை மற்றவர்களைவிட நாற்பது பைசா குறைவு, மாதிரிக்குக் கொடுத்த ஸ்லீவில் ஒரு மைக்ரான்கூடப் பிழை இல்லை. தமிழ்செல்வி அந்தக் கவரை வேறு யாராவது ஜெயித்துவிட மாட்டார்களா என்று ஏங்கினாள், ஜெயிக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இருமல் வரவில்லை.

மறுநாள் எட்டேகாலுக்குப் பையை வைத்தவள் உள்ளேயிருந்து ஹேர்பின் அட்டையை எடுத்து மாதேஸ்வரனிடம் நீட்டினாள்.

"இத அது பக்கத்துல வச்சுருங்கண்ணே."

"யாருக்குன்னு எழுதறது மேடம்?"

"எனக்குத்தான். ஏழு வருசம் கழிச்சு எடுத்துக்கிடுதேன்."

அவர் எழுதினார். கொடுத்தவர், தமிழ்செல்வி. பெறுபவர், தமிழ்செல்வி. பொருள், ஹேர்பின் ஓர் அட்டை. மதிப்பு, பத்து ரூபாய். முடிவு என்ற இடத்தைக் காலியாக விட்டார். இந்த வருடம் ஓசூரில் மே மாதமே மழை பிடித்துக்கொண்டு அக்டோபர் வரை விடவில்லை. செக்யூரிட்டி அறைக் கூரை ஒழுகி கேட்டின் பூட்டு துருப்பிடித்தது, அலமாரியின் கீல் துருப்பிடித்தது, மாதேஸ்வரனின் விசில்கூடத் துருப்பிடித்துப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். ஹேர்பின் துருப்பிடிக்கவில்லை.