வாய்க்கால் பாதையில் சக்கரத் தடம்

ஜூன் முதல் வாரம், பனி உருகி முடிந்து நான் பாதைகளைச் சரிபார்க்கக் கிளம்பும் சமயம். மேல் வாய்க்கால் ஓரம், பாறைச் சரிவுக்கு அந்தப் பக்கம், ஈரமண்ணில் இரண்டு கோடுகள் ஓடியிருந்தன. நடுவில் மூன்றாவதாக ஒன்று, கொஞ்சம் நெளிந்து நெளிந்து. சைக்கிள் தடம் இல்லை. கன்றுக்குட்டிக்குத் தீவனம் கொண்டுபோகும் தள்ளுவண்டியும் இல்லை, அதற்கு ஒரே சக்கரம். டேப்பை எடுத்து அளந்தேன். ஓரக் கோடுகளுக்கு இடையே ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.

தடம் பாறைச் சரிவுவரை வந்து, அங்கே வட்டமடித்துத் திரும்பியிருந்தது. திரும்பத்தான் வேண்டும். அந்த இடத்தில் வாய்க்கால் மரத்தொட்டியாகப் பாறையைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதை ஒட்டி நடக்கப் பதினோரு மீட்டர் நீளத்துக்குப் பலகை, ஐம்பது சென்டிமீட்டர் அகலம், கைக்கு ஓர் இரும்புக் கயிறு. கீழே பார்க்காமல் இருப்பது நல்லது.

பிர்ச்செக் ஊராட்சியில் நடைபாதைகளுக்குப் பொறுப்பு நான். மஞ்சள் வழிகாட்டிப் பலகை என்றால் செருப்புப் போட்டவர்கூடப் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை என்றால் நல்ல பூட்ஸும் தலைசுற்றாத மனசும் வேண்டும். எந்தக் கல்லில் எந்த வண்ணம் அடிப்பது என்பதை ஒன்பது வருடமாக நான்தான் முடிவு செய்கிறேன். மேல் வாய்க்காலுக்கு வெள்ளை-சிவப்பு-வெள்ளை. எங்கள் ஊரிலிருந்து அதற்கு ஏற நூற்று நாற்பது கல்படி. அங்கே சக்கரம் எப்படி வந்தது?

தடத்தைப் பின்தொடர்ந்து நடந்தேன். பக்கத்து ஊரான ஹோபீலின் காட்டு ரோடு வந்ததும் சரளைக்கல்லில் அது மறைந்துபோனது.

அன்று சாயங்காலம் சாராயக்கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஹோபீல்காரன்தான்," என்றார் பால்பண்ணை ருப்பன். "தண்ணியைத் திருட வண்டியோட வந்திருக்கான்."

"தண்ணியை வண்டியில வச்சா தள்ளிட்டுப் போவாங்க?" என்றேன்.

"அவங்க புத்திக்கு அதுவும் செய்வாங்கப்பா."

ஆளுக்கொன்று சொன்னார்கள். குழந்தை வண்டி, நில அளவைக்காரரின் கருவி, நகரத்திலிருந்து வந்த ஏதோ புது விளையாட்டு. எனக்கு எதுவும் ஒட்டவில்லை. அடுத்த வாரம் போனேன், புதுத் தடம். அதற்கடுத்த வாரமும். மழை எந்தக் கிழமை பெய்தது, தடம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவானது: வருவது வியாழக்கிழமை காலையில்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே போய் அந்த நடைப்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கறுப்பு ரொட்டியும் உலர்ந்த மாட்டிறைச்சியும் தின்று முடித்தேன். ஒன்பதரைக்குச் சரசரவென்று ஒரு சத்தம். லார்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து முன்னால் ஒற்றைச் சக்கரம் பூட்டிய ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் சலோமே அக்கா.

சலோமே கால்பர்மாட்டன் எங்கள் ஊர்த் தபால்காரியாக இருந்தவர். இருபத்தெட்டு வருடம். நான்கு வருடத்துக்கு முன் கூரைப் பனியைத் தள்ளும்போது விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. போன வருடம் ஊராட்சி 'எல்லோருக்குமான பாதை' என்று மாதாகோயிலிலிருந்து தோப்புவரை தார் போட்டு ஒரு பாதை திறந்தபோது ரிப்பன் வெட்டியவர் அவர்தான். அந்தப் பாதையை வடிவமைத்தவன் நான்.

என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றி மடியில் போட்டார்.

"மாட்டிக்கிட்டேனா?"

"அக்கா, இங்க எப்படி வந்தீங்க?"

"தபால் பஸ்ல ஹோபீல் வந்தேன். அங்கேருந்து காட்டு ரோடு. அப்புறம் இது. ஏன், பஸ் ஓடறது உனக்குத் தெரியாதா?"

"இது வெள்ளை-சிவப்பு-வெள்ளை."

"படிச்சேன். நீ அடிச்ச பெயிண்ட்தானே."

"ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க! உங்களுக்குன்னுதானே அந்தத் தார்ப் பாதையைப் போட்டோம்?"

"போட்டீங்க. பெஞ்சு வரைக்கும் போகணும், எதிர்ல இருக்கற மலையைப் பாக்கணும், திரும்பி வரணும். எனக்கு அந்த மலையை நல்லாத் தெரியும், லியாண்டர். அதுக்கும் என்னைத் தெரியும். எங்களுக்குள்ள பேச ஒண்ணும் மிச்சமில்ல." தோளைத் தடவிக்கொண்டார். "அதோட, மாதாகோயில் திருப்பத்துல அந்த ஏத்தம் இருக்கே, அதுல என் தோள்பட்டை கழண்டுடுது. இங்க பாரு, வேர்வைகூட இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. சரிவுமானியை எடுத்துப் பாதையில் வைத்தேன். ஒன்றரை சதவீதம். தார்ப் பாதையின் அந்தத் திருப்பம் ஒன்பது சதவீதம், அது எனக்கே தெரியும். வாய்க்கால் வெட்டியவர்கள் தண்ணீர் ஓடினால் போதும் என்றுதான் வெட்டினார்கள். தண்ணீர் அவசரமில்லாமல் போகும் இடத்தில் சக்கரமும் அப்படியே போகும். ஒன்பது வருடமாக இதில் நடக்கிறேன், ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

"சரி, எதுக்கு இங்கயே வரீங்க? அதுவும் வாராவாரம்?"

அவர் பலகைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "கேக்குதா?"

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் ஒரு மரச் சத்தம் கேட்டது. அது சுத்தியல். வாய்க்காலில் ஒரு சிறு சக்கரம் சுற்றும். அதன் அச்சில் உள்ள பற்கள் ஒரு மரச் சுத்தியலைத் தூக்கித் தூக்கி ஒரு பலகைத் துண்டின்மேல் போடும். அது அடிக்கும்வரை தண்ணீர் வருகிறது. நின்றால் எங்கோ உடைப்பு. எங்கள் ஊரில் அது கடிகாரம் மாதிரி, யாரும் காதில் வாங்குவதில்லை.

"எண்ணிப் பாரு," என்றார்.

டொக். டொக். டொக். பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி டொக், டொக், டொக்.

"போன வருஷம் வரைக்கும் நாலு. சீரா அடிக்கும். ஏப்ரல்லேருந்து மூணு அடிச்சிட்டு ஒண்ணை முழுங்குது. என் வீடு நேரா இதுக்குக் கீழதானே, நாள் முழுக்க இதையேதான் கேக்கறேன். பக்கத்து வீட்ல கேட்டேன், 'அப்படியா?'ன்னாங்க. பூசாரியைக் கேட்டேன், வயசாச்சுன்னாரு. சுத்தியலுக்கா எனக்கான்னு சொல்லல."

பாதிரியாரைப் பூசாரி என்றுதான் அவர் எப்போதும் சொல்வார்.

"இருபத்தெட்டு வருஷம் இந்த ஊர்ல எல்லாக் கதவுக்கும் போயிருக்கேன். இங்க மட்டும் வந்ததில்ல. கதவு இல்லையே, யாருக்குக் கடிதாசி? இப்ப ஏன்னு தெரியாம எனக்கு இருப்புக் கொள்ளல. பலகை வரைக்கும் வந்துடறேன். அதுக்கு மேல..." மடியில் கிடந்த கையுறையைத் தட்டினார். "ஆமா, நீ போன வாரம் அந்தச் சுத்தியலைத் தாண்டித்தானே வந்தே? என்ன ஆச்சு அதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தாண்டித்தான் வந்திருந்தேன், அந்த வாரம் மட்டும் இரண்டு முறை.

"நான் கவனிக்கல," என்றேன்.

"நீ தரையையேதான் பாப்பே. உன் தொழில் அப்படி."

நானே போய்ப் பார்த்து வந்து சொல்கிறேன் என்றேன். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவர் பலகையின் ஓரம்வரை உருட்டி வந்து, அதைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"தள்ளாதே. தூக்காதே. சொன்னா மட்டும் பிடி," என்றார்.

என் பையில் எப்போதும் கயிறும் இடுப்புப் பட்டையும் இருக்கும். பட்டையை அவருக்குக் கட்டி, இரும்புக் கயிற்றில் கொக்கியை மாட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து கைகளால் இறங்கிப் பலகையில் உட்கார்ந்து, பாறைக்கு முதுகைக் கொடுத்து, கைகளை ஊன்றி ஊன்றி நகர்ந்தார். ஒவ்வொரு நகர்வுக்கும் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார், தபாலை அடுக்குகிற மாதிரி. நான் பின்னாலேயே குந்திக் குந்திப் போனேன். பாதி வழியில் நின்று கீழே பள்ளத்தாக்கை நன்றாகப் பார்த்தார்.

"கீழ பாக்காதீங்க அக்கா."

"பாக்கத்தானேடா வந்தேன்."

பதினோரு மீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. திரும்பிப் போய் நாற்காலியை மடக்கி முதுகில் கட்டிக்கொண்டு வந்து, அவர் ஏறிக்கொள்ள விரித்து வைத்தேன்.

வளைவைத் தாண்டியதும் சுத்தியல். அதன் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தார் எடெல்பெர்ட். வாய்க்காலைக் காக்கும் நீர்க்காவலர் அவர்தான். அறுபத்தொன்பது வயது, வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசுபவர். சலோமே அக்காவைப் பார்த்துக் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"எனக்கு ஏதாவது கடிதாசியா?"

அக்கா நேராகத் தண்ணீர்ச் சக்கரத்துக்குப் போனார். அது ஒரு பாலாடைக்கட்டி வட்டத்தைவிடப் பெரிதில்லை. குனிந்து, அச்சு சுற்றுவதை ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று பல். நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரு வெட்டு.

"இது ஒடிஞ்சதில்ல. ரம்பத்தால அறுத்திருக்கு!"

"நான்தான் அறுத்தேன்," என்றார் எடெல்பெர்ட்.

"எதுக்கு?"

"மார்ச்சுல ஹோபீல்காரன் அவன் வாய்க்கால்ல புதுசா ஒரு சுத்தியல் மாட்டினான். ரெண்டும் ஒரே மாதிரி அடிக்குது. ஒரு நாள் என்னோடது நின்னு போயிருக்கு, நான் அவன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நிம்மதியா காப்பி குடிச்சிருக்கேன். அரை நாள் தண்ணி போச்சு. அதான் ஒரு பல்லை எடுத்துட்டேன். இப்ப கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன், எது என்னோடதுன்னு."

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க?" என்றேன்.

"யாரும் கேக்கலையே."

சலோமே அக்கா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் மட்டும்தான்யா கவனிச்சேன், இந்த ஊர்லயே நான் மட்டும்தான்," என்றார். எடெல்பெர்ட் எழுந்து தன் ஃபிளாஸ்கிலிருந்து அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் பலகை தாண்டியபின் நான் சொன்னேன்: "இந்தப் பாதைக்குச் சக்கர நாற்காலி அடையாளம் போட விதி இடம் கொடுக்காது அக்கா. பலகையை அகலப்படுத்தவும் பாறை விடாது."

"அடையாளம் யார் கேட்டா? என்னால முடியுமா முடியாதான்னு நீ சொல்லாதே. எவ்வளவு அகலம்னு சொல்லு. எங்க இடுங்குதுன்னு சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்."

ஊராட்சிக் கூட்டத்தில் அதைச் சொல்லப் போய் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில், இருக்கிற வண்ணங்களைத் தொடக் கூடாது, வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு அறிவிப்புப் பலகை வைத்துக்கொள் என்றார்கள். ஜூலை முழுக்க சலோமே அக்காவும் நானும் அளந்தோம். அவர் போகும் இடமெல்லாம் அவர் அளந்தார். போக முடியாத இடத்தில் நான் டேப்பைப் பிடிக்க, அவர் கீழேயிருந்து எழுதிக்கொண்டார். ஆகஸ்டில் ஏழு பாதைகளின் தொடக்கத்திலும் பலகை வைத்தோம்: மிகக் குறுகலான இடம் எத்தனை சென்டிமீட்டர், மிகச் செங்குத்தான ஏற்றம் எத்தனை சதவீதம், எத்தனை படி, அவை எவ்வளவு தூரத்தில் வருகின்றன, எங்கே திரும்ப இடமுண்டு. போகலாம், போகக் கூடாது என்று எதிலும் எழுதவில்லை. தார்ப் பாதையின் பலகையில் ஒன்பது சதவீதம் என்று என் கையாலேயே எழுதினேன்.

செப்டம்பரில் பெர்ன் நகரத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தார். பலகை விவரத்தைத் தோழி படித்துச் சொன்னாராம். தனக்குக் கண் தெரியாது என்றும் மேல் வாய்க்காலில் நடக்க ஆசை என்றும் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"போகும்போது தண்ணி எந்தக் கைப் பக்கம் வரும்?"

அதை நாங்கள் எழுதியிருக்கவில்லை. ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பாதையை முதலிலிருந்து மனசுக்குள் நடக்க ஆரம்பித்தேன்.